சீம்பால் யாருக்கு?

ஆவணி, புரட்டாசி மாதங்கள் வந்துவிட்டால் நமது கிராமங்களில் கட்டுத்தறிதோறும் சினைமாடுகள் ஒவ்வொன்றாக ஈனத் தொடங்கிவிடுகின்றன. சினை ஊசி வந்த பிறகு பசுக்கள் வருஷம் முழுவதும் ஈனுகின்றன என்றாலும், மழை பெய்து புல் முளைத்த காலத்தில் பருவத்துக்கு வந்து சினைபிடித்த மாடுகள் ஒன்றையடுத்து ஒன்றாக ஈனுகின்ற காலமொன்று இன்னமும் இருக்கத்தான் செய்கின்றது. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துப் பிழைக்கின்ற குடியானவனுக்கு இதுவும் ஓர் அறுவடைக் காலமேயாகும். பால் வற்றிய மாடு மறுபடியும் கறவைக்கு வருவதும், வீட்டில் ஒரு கிடாரி சேருவதும், மாடு வாங்கிய கடன் அடைவதும், இந்தச் சில நாட்களில் நடக்கின்ற காரியத்தைப் பொறுத்தே இருக்கின்றன.

இப்பேர்ப்பட்ட காலத்தில், ஈன்ற பசுவின் மடியில் முதன்முதல் சுரக்கின்ற சீம்பால் யாருக்குச் சேரவேண்டும் என்று ஒரு கேள்வியை நாம் கேட்கின்றோம். “இது என்ன கேள்வி? கன்றுக்குத்தான்” என்று வாசகர்கள் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். அப்படியானால் உங்கள் ஊரிலே, உங்கள் தெருவிலே, ஏன், உங்கள் வீட்டுக் கட்டுத்தறியிலேயே, கன்று தரையில் விழுந்து எத்தனை மணி நேரம் கழித்து அந்தப் பால் அதன் வாய்க்குள் போகின்றது என்பதைச் சற்றுக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான் நமது நாட்டில் கன்றுகள் பல, பிறந்த சில நாட்களுக்குள் செத்துப்போகின்றன என்பதும், செத்த பிறகு அதற்குக் காரணம் கேட்கக்கூட விடாமல் சடங்கும் சாத்திரமும் நம் வாயை அடைத்துவிடுகின்றன என்பதுமே நமது வாதமாகும்.

நாம் பார்த்ததைச் சொல்லுகின்றோம். கொங்கு நாட்டில் ஒரு சிற்றூரில் ஒரு நண்பர் வீட்டுக்கு ஓர் ஆவணி மாதத்தில் போயிருந்தோம். அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடும், மூன்று மாடுகளுமே சொத்து. அன்று இரவு ஒன்பது மணிக்கு அதில் ஒரு கலப்பினப் பசு ஈன்றது. நல்ல கிடாரிக் கன்று. தாய் நக்கி முடிப்பதற்குள்ளாகவே தடுமாறி எழுந்து, விழுந்து, மறுபடியும் எழுந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே மடியைத் தேடிக்கொண்டு போய்விட்டது. அப்போது அவ்வீட்டுப் பாட்டியம்மாள் ஓடிவந்து கன்றை இழுத்துத் தூரத்தில் ஒரு முளைக்குச்சியில் கட்டிவிட்டார்.

“ஏனுங் ஆத்தா, கன்னுக்குப் பால் விடலீங்களா?” என்று கேட்டோம்.

“இளங்கொடி உழுகாம பால ஊட்டுனா கொடி உள்ளயே நின்னுக்குஞ் சாமி. கொடி உழுகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

கொடி விழுந்தபோது காலை ஆறு மணி. பிறகு மாட்டைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சீம்பாலைக் கறந்தார்கள். முதலில் ஒரு கிண்ணம் கிணற்று மேட்டில் ஊற்றியாயிற்று. மீதியில் பெரும் பங்கு வெல்லம் ஏலக்காய் போட்டு வேகவைப்பதற்காகப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போயிற்று. நமக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். இரவெல்லாம் கத்தித் தொண்டை கட்டிப்போன கன்று கடைசியாக அவிழ்க்கப்பட்டு, காம்பில் மிச்சமிருந்ததைச் சப்பியபோது மணி எட்டு. அதாவது பிறந்து பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் அந்தக் கன்றுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டது. ஆறாம் நாள் செத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து நண்பர் எழுதிய கடிதத்தில், ஜோசியரைப் பார்த்ததாகவும், ஆவணியில் ஈன்ற தோஷமென்று அவர் சொன்னதாகவும், சாந்தி செய்ய ஒரு தொகை கேட்டதாகவும், கடன் வாங்கிக் கொடுத்துவிட்டதாகவும் கண்டிருந்தது.

அந்தப் பாட்டியம்மாளை நாம் குறை சொல்ல வரவில்லை. மாடு வாலைத் தூக்கி நிற்கும் மாதிரியைப் பார்த்தே எத்தனை மணிக்கு ஈனும் என்று சொல்லக்கூடிய அனுபோகம் அவருக்கு உண்டு. அறுபது வருஷமாகச் சாணியள்ளிய கை அது. அவர் செய்தது கன்றின்மேல் விரோதத்தினாலல்ல. தமக்கு முன்னிருந்தவர்கள் சொன்னதை, ஏன் என்று கேட்காமல் செய்தார். நமது குறையெல்லாம் அந்த “ஏன்” என்பதைக் கேட்காதபடி செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டின்மேலேயாகும்.

இனி, இந்த இளங்கொடிக் கதையை எடுத்துக்கொள்வோம். மனுஷக் குழந்தைக்கும் மாட்டுக் கன்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசமுண்டு. நோயை எதிர்க்கின்ற சக்தியில் ஒரு பங்கைத் தாய் தன் குழந்தைக்கு வயிற்றிலிருக்கும்போதே கொடியின் வழியாகக் கொடுத்துவிடுகின்றாள். பசுவின் கொடியோ அந்தச் சக்தியை உள்ளே விடுவதில்லை. ஆகவே கன்று பிறக்கும்போது வெறுங்கையோடு பிறக்கின்றது. அதற்குத் தாய் கொடுக்கவேண்டிய சீதனம் முழுவதும் சீம்பாலில்தான் வைக்கப்பட்டிருக்கின்றது. அந்தச் சீதனத்தைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும் வாசல் எந்நேரமும் திறந்திருப்பதல்ல. பிறந்த முதல் சில மணி நேரம் அகலத் திறந்திருந்து, பிறகு மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து, ஒரு நாளைக்குள் அடைபட்டுவிடுகின்றது. அதற்குப்பின் குடம் குடமாகச் சீம்பாலை ஊற்றினாலும் அது வெறும் ஆகாரமாகுமேயன்றிக் காப்பாகாது.

இது நாம் கற்பனை செய்து சொல்லுவதல்ல. 1922ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், லிட்டில் என்னும் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், பிறந்த கன்றுகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குச் சீம்பாலும், மற்றொரு கூட்டத்திற்குச் சீம்பாலில்லாமல் சாதாரணப் பாலும் கொடுத்துப் பார்த்தார்கள். சீம்பால் குடித்தவை பிழைத்தன. குடிக்காதவற்றில் பெரும்பாலானவை செத்தன. இரு கூட்டத்திற்கும் ராகு ஒன்றுதான், கேது ஒன்றுதான். பாலில் மட்டுமே வித்தியாசம். தோழர்களே! காரணம் கண்டுபிடிக்கும் வழி இதுவா, அல்லது கன்று செத்த பிறகு கட்டம் போட்டுப் பார்க்கின்ற வழியா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பால் ஊட்டினால் கொடி நின்றுவிடுமா? இதைவிடத் தலைகீழான பேச்சு வேறொன்றும் இருக்கமுடியாது. கன்று காம்பைச் சப்பும்போது பசுவின் மூளையடியிலிருந்து ஒருவித நீர் இரத்தத்தில் கலக்கின்றது. ஆக்சிடோசின் என்பது அதன் பெயர். மடியைச் சுரக்கச் செய்வதும் அதுவே, கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுவே. கருப்பை சுருங்கினால்தான் கொடி கழன்று விழும். ஆகவே, எந்தக் கன்று ஊட்டினால் கொடி விழுவதற்கு உதவியாக இருக்குமோ, அந்தக் கன்றைக் கட்டிப்போட்டுவிட்டுக் கொடி விழவில்லையே என்று நாம் காத்துக்கொண்டிருக்கின்றோம். இது கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, வீட்டுக்குள் போகமுடியவில்லையே என்று வாசலில் உட்கார்ந்து அழுவதற்கு ஒப்பானதேயாகும்.

சாதாரணமாகக் கொடி எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் செங்கல்லையும் கல்லையும் பழைய செருப்பையும் அதில் கட்டித் தொங்கவிடுகின்ற வழக்கமொன்று இருக்கின்றது. கல்லின் கனத்தில் கொடி பாதியில் அறுந்துபோய் மீதி உள்ளே அழுகுவதும், சில மாடுகளுக்குக் கருப்பையே வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகின்றார்கள். ஆலமரத்தைக் கீறினால் பால் வடிகின்றதாம், அதனால் மாடும் பால் அதிகம் கறக்குமாம்! மரத்துப் பாலுக்கும் மடிப் பாலுக்கும் வெள்ளை நிறத்தைத் தவிர வேறு சம்பந்தம் என்ன? வெள்ளையாயிருப்பதே போதுமென்றால் சுண்ணாம்புச் சட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் அதிகமாகக் கறக்கவேண்டுமே!

இது வெறும் வேடிக்கையோடு போவதாயிருந்தால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். கன்று வீச்சு நோய் என்று ஒரு நோய் இருக்கின்றது. ஐந்து மாதத்துக்கு மேல் ஆன சினை நன்றாக இருந்துகொண்டே இருந்து திடீரென்று கலைந்துவிடும். “கண்பட்டுவிட்டது”, “தீட்டுக்காரி தொழுவத்துக்குள் வந்துவிட்டாள்” என்று வீட்டுப் பெண்களின்மேல் பழியைப் போடுவார்கள். உண்மையில் அதற்குக் காரணம் புரூசெல்லா என்னும் கிருமி. 1897ஆம் வருஷத்திலேயே டென்மார்க்கில் பேங் என்னும் மருத்துவர் பசுக்களில் அதைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டார். அந்தக் கிருமி நிறைந்திருப்பது கலைந்த கன்றிலும், கொடியிலும், அதன் நீரிலுமேயாகும். வெறுங்கையால் அதைத் தொடுகிறவர்களுக்கும், காய்ச்சாத பாலைக் குடிக்கிறவர்களுக்கும் வந்து வந்து போகின்ற காய்ச்சலும் மூட்டு வலியும் அதனால் உண்டாகும். அதை மரத்தில் கட்டினால் காக்கையும் நாயும் இழுத்துக்கொண்டு போய் ஊர் முழுவதும் போடும். ஆகவே, குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டிய ஒன்றைக் கோவில் மரத்தில் கட்டிவிட்டு, நோய் வந்தால் தீட்டு என்று சொல்லிப் பெண்ணைத் தள்ளிவைப்பது எவ்வளவு அக்கிரமம் என்று கேட்கின்றோம். கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு ஊசி போட்டால் போதும். 2019ஆம் வருஷத்தில் இதற்கென்று தேசமெங்கும் ஒரு திட்டமே தொடங்கப்பட்டது. அந்த ஊசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுகிறவர்கள் எத்தனை பேர், மந்திரித்த கயிற்றை வாங்கிக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

நிற்க. நண்பரிடம் பணம் பறித்த ஆவணி தோஷத்திற்கு வருவோம். இது அந்த ஜோசியர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. சூரியன் சிம்ம ராசியிலிருக்கும்போது, அதாவது ஆவணியில், எவனுடைய பசு ஈனுகின்றதோ அவன் ஆறு மாதத்துக்குள் செத்துப்போவான் என்று வடமொழிச் சாந்திச் சாத்திரங்களில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றது. மாக மாதத்தில் எருமை ஈன்றாலும், சிராவண மாதத்தில் பகல் வேளையில் குதிரை ஈன்றாலும் கேடு என்றும் கூடவே இருக்கின்றது. இதற்குப் பரிகாரம் என்ன தெரியுமா? ஈன்ற பசுவை அந்த க்ஷணமே பிராமணனுக்குத் தானமாகக் கொடுத்துவிடவேண்டும் என்பதுதான்!

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். பசு சினைபிடித்தது முதல் ஈனுவது வரை சுமார் 280 நாட்கள், அதாவது ஒன்பது மாதமும் சில நாட்களும் ஆகும். ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்து புல் முளைத்து, மாடுகள் வயிறு நிறைய மேய்ந்து, பருவத்துக்கு வந்து சினைபிடித்தால் அவை எப்போது ஈனும்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக ஆவணியில்தான் ஈனும். அதாவது மழையும் புல்லும் எந்த மாதத்தை நமக்கு ஈற்றுக் காலமாகக் கொடுத்திருக்கின்றனவோ, அந்த மாதத்திலேயே தோஷமும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கின்றது. மாடு வற்றிக் கிடக்கின்ற காலத்தில் அதைத் தானம் கொடு என்று ஒரு சாத்திரமும் சொல்லவில்லை. மடி நிறையப் பாலும், காலடியில் கன்றுமாக நிற்கின்ற க்ஷணத்தில்தான் கொடுக்கச் சொல்லுகின்றது.

இன்னொன்றும் கேட்கின்றோம். அந்தப் பசு உடையவனைக் கொல்லக்கூடிய பசுவென்றால், அதை வாங்கிக்கொண்டு போகின்றவனை ஏன் கொல்லுவதில்லை? அவன் வீட்டுக்குப் போனவுடன் சிம்ம ராசி மாறிவிடுகின்றதா? கொடுத்தவனுக்கு எமனாக இருந்தது வாங்கினவனுக்கு மாத்திரம் காமதேனுவாக எப்படி ஆயிற்று? இதற்குப் பதில் சொல்லத் தகுந்த பண்டிதர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

“இக்காலத்தில் யார் ஐயா ஆவணிப் பசுவைத் தானம் கொடுக்கின்றார்கள்? பழங்கதையை ஏன் கிளறுகின்றீர்?” என்று சிலர் கேட்கக்கூடும். பசுவாகக் கொடுப்பதில்லை என்பது உண்மைதான். இப்போது பணமாகக் கொடுக்கின்றார்கள், அவ்வளவே வித்தியாசம். அன்றியும், கொடுக்கின்ற பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று இருக்கின்றது. ஆவணி தோஷத்தால் கன்று செத்தது என்று ஒரு தடவை மனத்தில் ஏறிவிட்டால், சீம்பால் எப்போது கொடுத்தோம், தொப்புளுக்கு மருந்து வைத்தோமா, தரை ஈரமாக இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததால் அடுத்த ஈற்றிலும் அதே காரியம் நடக்கின்றது, அடுத்த கன்றும் சாகின்றது. மூடநம்பிக்கையின் கூலி ஜோசியருக்குக் கொடுத்த தொகையோடு முடிவதில்லை. அது ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு கன்றாக வசூலாகின்றது.

இரட்டைக் கன்று விஷயமும் இப்படிப்பட்டதே. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் செய்த பிருகத் சம்ஹிதையில், பசுவும் எருமையும் இரட்டையாக ஈனுவதைத் துர்ச்சகுனங்களின் வரிசையில் வைத்திருக்கின்றார். காளையும் கிடாரியுமாக இரட்டை பிறந்தால் அந்தக் கிடாரி பெரும்பாலும் மலடாகப் போவதைக் கண்டு, ஜனங்களும் அதைச் சாபமென்று நம்பினார்கள். 1916ஆம் வருஷத்தில் சிக்காகோவில் லில்லி என்னும் அறிஞர், கருவிலேயே இரண்டு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் ஒன்று சேர்ந்துவிடுவதால் காளைக் கன்றின் இரத்தம் கிடாரியின் வளர்ச்சியைக் கெடுத்துவிடுகின்றது என்று விளக்கினார். அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்துக்கு ஒன்பது சினைபிடிப்பதில்லை. இது தெரிந்த குடியானவன் அந்தக் கிடாரியைப் பரிசோதித்துப் பார்த்து, வளர்ப்பதா விற்பதா என்று முடிவு செய்வான். தெரியாதவனோ இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்த்துவிட்டு, அது சினைபிடிக்கவில்லையென்று கோவில் கோவிலாகச் சுற்றுவான்.

ஈன்ற ஓரிரு நாளில் நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசு திடீரென்று கால் தள்ளாடிக் கீழே விழுந்து, தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். “காற்று கருப்பு அடித்துவிட்டது” என்று வேப்பிலை அடிக்கின்றார்கள், மிளகாய் சுற்றிப் போடுகின்றார்கள், கோடாங்கி வருகின்றான். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயர் காய்ச்சல் என்றாலும் உடம்பு குளிர்ந்துதான் போகும். மடி ஒரேயடியாகப் பால் சுரக்கும்போது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து அதிலே இறங்கிவிடுவதுதான் காரணம் என்று 1925ஆம் வருஷத்தில் எடின்பரோவில் டிரையர், கிரேக் என்னும் இருவர் எடுத்துக் காட்டினார்கள். மருத்துவர் வந்து சுண்ணாம்புச் சத்து மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினால், செத்தது என்று நினைத்த மாடு பெரும்பாலும் சிறிது நேரத்தில் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நிற்பதை யாரும் நேரில் பார்க்கலாம். கருப்பு என்பது உண்மையானால், ஒரு புட்டி சுண்ணாம்புச் சத்துக்குப் பயந்து ஓடுகின்ற கருப்பு எப்பேர்ப்பட்ட கருப்பு? அதை ஓட்டுவதற்குக் கோடாங்கி எதற்கு? அவன் உடுக்கை அடித்து முடிப்பதற்குள் மாடு செத்துப்போவதும், “நேரமாகிக் கூப்பிட்டீர்கள்” என்று அவன் தப்பித்துக்கொள்ளுவதுமே வழக்கமாக இருக்கின்றது.

இவ்வளவும் எந்த நாட்டில் நடக்கின்றது? பசுவைக் கோமாதா என்று கும்பிடுகின்ற நாட்டில் நடக்கின்றது! பசுவின் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறார்கள். அதன் மூத்திரத்தைத் தீர்த்தமென்று குடிக்கிறார்கள். ஆனால் அந்த மாதாவின் வயிற்றில் பிறந்த காளைக் கன்றின் கதி என்ன? கலப்பினக் காளைக் கன்று உழவுக்கும் அவ்வளவாக உதவாது, பாலும் கறக்காது என்று அதற்குச் சரியாகப் பால் விடாமல், பட்டினியாலும் கழிச்சலாலும் அது தானே சாகும்படி விட்டுவிடுகின்ற வீடுகள் எத்தனை? எருமைக் கடாக்கன்றின் கதி இதைவிட மோசம். கத்தியெடுத்து வெட்டினால் பாவம் என்கிறவர்கள், பட்டினி போட்டுக் கொன்றால் பாவமில்லை என்று எண்ணுகின்றார்களா? கன்று செத்த பிறகு அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, தாயின்முன் நிறுத்தி, அது தன் பிள்ளையென்று நக்க நக்கப் பாலைக் கறந்துகொள்ளுகின்றார்களே, அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயரா?

மனுதர்ம சாத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், ஈன்று பத்து நாள் ஆகாத பசுவின் பால் ஆகாது என்றும், கன்றில்லாத பசுவின் பால் ஆகாது என்றும் சொல்லப்பட்டிருக்கின்றது. முதலாவது விதியைத் தீட்டு என்று பிடித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து முதற்பாலை அபிஷேகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கின்றார்கள். இரண்டாவது விதி என்ன ஆயிற்று? வைக்கோல் கன்று வைத்துக் கறந்த பாலா இது என்று எந்தக் கோவிலிலாவது எந்தக் குருக்களாவது விசாரித்ததுண்டா? செலவில்லாத விதிக்குச் சாத்திரம் என்று பெயர், வரும்படி குறைகின்ற விதிக்கு மறதி என்று பெயர் போலும். சாத்திரத்தின்படி நடக்கவேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. சாத்திரம் என்பதே வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது மடித்து வைக்கின்ற குடையாக இருக்கும்போது, கன்றின் வாய்க்கு மட்டும் அதைக் காட்டித் தடை போடுவானேன் என்றுதான் கேட்கின்றோம்.

“உங்கள் விஞ்ஞானம் வருவதற்கு முன்னும் கன்றுகள் பிழைக்கவில்லையா?” என்று ஒரு கேள்வி உண்டு. பிழைத்தன. எப்படிப் பிழைத்தன? மேய்ச்சல் காட்டிலே, ஆளில்லாத இடத்திலே ஈன்ற பசுவின் கன்று, யாரும் கட்டிப்போட இல்லாததால் எழுந்தவுடனே குடித்தது, பிழைத்தது. வீட்டிலே, நல்லது கெட்டது தெரிந்தவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க ஈன்ற கன்றுதான் பட்டினி கிடந்தது. மாட்டுக்கு இயற்கையாகத் தெரிந்திருக்கின்ற ஒரு காரியத்தை மனுஷன் தன் மூடத்தனத்தால் கெடுத்துவிட்டு, அதற்கு முன்னோர் அறிவு என்று பெயர் வைத்தால் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. முன்னோர்கள் கண்டுபிடித்த நல்லதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஈற்றுக்கு முன் காய்ந்த இடத்தில் வைக்கோல் பரப்பி விடுவதும், ஈன்ற மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் காட்டுவதும் நல்லவைதானே! அவற்றை ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்கின்றது. பதில் கிடைக்காததைத்தான் விடச் சொல்லுகின்றோம்.

அந்த நண்பர் வீட்டுக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகின்றோம். அடுத்த தையில் அவருடைய இன்னொரு மாடு ஈன்றது. மாமியார் சூடம் வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்த சமயத்தில் மருமகள் ஒரு காரியம் செய்தாள். மடியையும் காம்பையும் வெந்நீரில் கழுவி, நான்கு காம்பிலும் ஒவ்வொரு பீர் பீய்ச்சிவிட்டு, கன்றைக் கொண்டுபோய் மடியில் விட்டுவிட்டாள். கன்று பிறந்து அரை மணி கூட ஆகவில்லை. மாமியார் வந்து பார்த்துப் பேசிய பேச்சை இங்கே எழுதமுடியாது. கொடி ஐந்து மணி நேரத்தில் விழுந்தது. கன்றுக்குக் கழிச்சலும் காணவில்லை. இரண்டொரு மாதம் கழித்து நாம் போயிருந்தபோது, கட்டுத்தறியில் துள்ளிக்கொண்டிருந்த கன்றைக் காட்டி அந்தப் பாட்டியம்மாளே, “இது கொடி உழுகறதுக்கு முன்னயே குடிச்ச கன்னுங்க” என்றார். தோஷம் என்ற பேச்சு அந்த வீட்டில் அப்புறம் எழவில்லை. ஒரு கன்றைக்கொண்டு எல்லாவற்றையும் ருஜுப்படுத்திவிட்டதாக நாம் சொல்லவில்லை. ஆனால் கன்றின் வாயைக் கட்டுவதற்குச் சொல்லப்பட்ட பயம் பொய்யென்று அந்த வீட்டுக்கு அது ஒன்றே காட்டிவிட்டது.

ஆகவே தோழர்களே, இந்த ஈற்றுக் காலத்தில் நீங்கள் செய்யவேண்டியவை மிகவும் சொற்பமே. பனிக்குடம் உடைந்து முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் மாட்டை அதன் போக்கில் விடுங்கள். ஒரு மணி நேரம் முக்கியும் கன்று நகரவில்லையானாலும், ஒரு காலோ வாலோ மட்டும் தெரிந்தாலும், ஆள் சேர்த்து இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கன்று விழுந்தவுடன் மூக்கிலும் வாயிலுமுள்ள சளியைத் துடையுங்கள். தொப்புளைச் சுத்தமான நூலால் கட்டி, கீழே அறுத்து, டிங்க்சர் அயோடின் தடவுங்கள். சாம்பலையும் சாணியையும் அதில் அப்பாதீர்கள். மடியைக் கழுவி, ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பாலைக் கொடுங்கள். 25 கிலோ கன்றானால் முதல் நாளில் இரண்டரை லிட்டர் வரையில், மூன்று நான்கு வேளையாகக் கொடுக்கவேண்டும். கொடிக்காகக் காத்திராதீர்கள். கொடியில் கல்லும் கட்டாதீர்கள், கையைவிட்டு இழுக்கவும் இழுக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் நின்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். விழுந்ததைக் குழியில் போட்டு மூடுங்கள். பத்தாம் நாளில் குடற்புழு மருந்து கொடுங்கள். எருமைக் கன்றுக்கு இது மிகவும் முக்கியம், ஏனெனில் அதற்குப் பாலோடு சேர்ந்தே புழுவும் உள்ளே போய்விடுகின்றது. கன்று குடித்து மிஞ்சிய சீம்பாலை வேகவைத்துத் தாராளமாகத் தின்னுங்கள். அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை.

மருத்துவர் தூரத்திலிருக்கின்றார், வருவதற்கு நேரமாகின்றது என்பது பல கிராமங்களில் உண்மைதான். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ வண்டி வருகின்ற ஏற்பாடு இருக்கின்றது. அது வரத் தாமதமானாலும், ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்றாலும், அதிகாரிகளையும் பிரதிநிதிகளையும் பிடித்துக் கேளுங்கள். வரி கொடுக்கின்ற நமக்கு அது உரிமை. ஜோசியரிடம் கொண்டுபோய்க் கொட்டுகின்ற கோபத்தையும் பணத்தையும் அங்கே காட்டினால் ஊருக்கு ஒரு மருத்துவராவது வந்து சேருவார். கிரகத்தைக் கேட்டால் பதில் வராது. சர்க்காரைக் கேட்டால், பத்துத் தடவை கேட்ட பிறகாவது வரும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஒரு கன்று, பிறந்த அரை மணியில் தனக்கு வேண்டியது எங்கே இருக்கின்றதென்று தெரிந்துகொண்டு எழுந்து போகின்றது. பத்து வயதுப் பிள்ளையிலிருந்து பாட்டி வரை நாமெல்லாம் சேர்ந்து அதை இழுத்துக் கட்டுகின்றோம். இந்த வேளையில் நமக்கும் அந்தக் கன்றுக்கும் உள்ள அறிவில் எது பெரிது? இந்த ஆவணியில் ஒவ்வொருவரும் தத்தம் கட்டுத்தறியில் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.